வீட்டுக் கணினியில் இரண்டு செஸ் எஞ்சின்களை (செஸ் ஆடும் நிரல்களை) மோதவிட்டு எது பலமானது என்று எப்படி முடிவு செய்வது? 20 ஆட்டத்தில் 12–8 வந்தால் போதுமா?

போதாது. பாதி ஆட்டம் டிரா ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 20 ஆட்டத்தில் பிழை எல்லை இருபக்கமும் 100 எலோ புள்ளிகளைத் (ஆட்ட பலத்தின் அளவு) தாண்டும். உங்கள் 12–8 தற்செயலாகவே வந்திருக்கலாம். 100 ஆட்டத்துக்கு ஏறக்குறைய ±48, 1000 ஆட்டத்துக்கு ±15. "வீட்டில் யாரால் 1000 ஆட்டம் ஓட்ட முடியும்" என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: ஆளுக்கு 10 வினாடி, நகர்வுக்கு 0.1 வினாடி கூடுதல் என்று வைத்தால் ஓர் ஆட்டம் ஒரு நிமிடத்துக்குள் முடியும். ஒரே சமயத்தில் மூன்று ஆட்டம் ஓடினால் ஓர் இரவே தாராளம்.

நீங்கள் லேப்டாப்பில், இரண்டு எஞ்சினுக்கும் எல்லா கோரையும் (ப்ராசஸரில் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) கொடுத்து, பாண்டரையும் (எதிராளியின் நேரத்திலும் யோசிக்கும் வசதி) ஆன் செய்து ஓட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் இங்கேதான் கெடுகிறது. நான்கு கோர் கணினியில் இரண்டுக்கும் நான்கு நான்கு த்ரெட் (ஒரே சமயத்தில் ஓடும் வேலை இழைகள்) கொடுத்து, எதிராளியின் நேரத்திலும் யோசிக்கவிட்டால், எட்டு த்ரெட்டுகள் நான்கு கோருக்கு அடித்துக்கொள்ளும். யாருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது இயங்குதளத்தின் கையில். பாண்டரை அணையுங்கள், ஆளுக்கு ஒரு த்ரெட் கொடுங்கள். ஒரே நேரத்தில் ஓடும் ஆட்டங்கள் நிஜமான கோர்களைவிட ஒன்று குறைவாக இருக்கட்டும்; ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங்கின் கூடுதல் எண்ணிக்கையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஹாஷ் (அலசிய நிலைகளை எஞ்சின் நினைவில் வைத்துக்கொள்ளும் இடம்) இரண்டுக்கும் ஒரே அளவு. எஞ்சினுக்கு எஞ்சின் டிஃபால்ட் வேறுபடும் (ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினுக்கு 16 எம்பி), அதனால் கையால் அமைப்பதே சரி. இந்த வேகத்துக்கு 64 எம்பி போதும். மூன்று ஆட்டம் என்றால் ஆறு எஞ்சின், ஆறு ஹாஷ். ராம் நிரம்பி டிஸ்க்கைத் தொட்டால் எல்லாம் பாழ்.

பலர் பார்க்காமல் விடுவது பில்ட், அதாவது எந்த ப்ராசஸருக்காகத் தயாரித்த எஞ்சின் கோப்பு என்பது. ஒன்று ஏவிஎக்ஸ்2 (புதிய ப்ராசஸர்களின் வேகக் கட்டளைகள்) பில்ட், மற்றது பழைய ப்ராசஸருக்கான பொது பில்ட் என்றால் நீங்கள் அளப்பது எஞ்சினை அல்ல, அதை ப்ராசஸர் மொழிக்கு மாற்றிய கம்பைலரை. ஜென் 3 தலைமுறைக்கு முந்தைய ஏஎம்டி ரைசன் ப்ராசஸரில் பிஎம்ஐ2 (இன்னொரு கட்டளைத் தொகுதி) பில்ட் மெதுவாக ஓடும், அங்கே ஏவிஎக்ஸ்2 எடுங்கள். கணினி சூடேறி வேகம் குறைந்தால் ஒரே ஆட்டத்தில் இரண்டுமே சேர்ந்து அடிவாங்கும். ஆனால் நேற்றைய மேட்சை இன்றையதோடு ஒப்பிட முடியாது. சார்ஜரில் போட்டு, டர்போவை (ப்ராசஸர் தானாக வேகம் கூட்டும் வசதி) அணைத்து ஓட்டுங்கள்.

எஞ்சின்களின் சொந்த ஓபனிங் புக் (தொடக்க நகர்வுகளின் பட்டியல்), கற்றல் கோப்பு (முந்தைய ஆட்டங்களில் கற்றதைச் சேமிப்பது) இரண்டையும் நிறுத்திவிட்டு, க்யூட்செஸ் போன்ற, ஆட்டங்களை நடத்தும் மேலாளர் நிரலில் பொதுவான ஓபனிங் தொகுப்பைக் கொடுங்கள். ஒவ்வொரு ஓபனிங்கும் நிறம் மாற்றி இரண்டு முறை வரவேண்டும். தொகுப்பு இல்லாவிட்டால் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஆட்டங்களே திரும்பத் திரும்ப வரும். டேபிள்பேஸ் (சில காய்களே மிஞ்சிய நிலைகளுக்கான முடிவுகளை முன்கூட்டியே கணக்கிட்ட தொகுப்பு) கொடுத்தால் இரண்டுக்கும் கொடுங்கள், இல்லையேல் யாருக்கும் வேண்டாம்.

நிபந்தனை சொல்லாமல் பத்து ஆட்டத்தை வைத்து "நொறுக்கியது" என்று தலைப்புப் போடும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. 2017 டிசம்பரில் டீப்மைண்டின் ஆல்ஃபாஜீரோ எஞ்சின் ஸ்டாக்ஃபிஷ் 8ஐ 28 வெற்றி, 72 டிரா என்று வென்றபோதுகூட, 64 த்ரெட்டுக்கு 1 ஜிபி ஹாஷ், நகர்வுக்கு ஒரு நிமிடம் என்ற நிபந்தனைகள் வெளியிடப்பட்டன. அதனால்தான் ஹாஷ் போதாது, நேரப் பங்கீடு முடக்கப்பட்டது என்று மற்றவர்களால் விமர்சிக்கவாவது முடிந்தது.

மேட்ச் முடிந்ததும் பிஜிஎன் கோப்பில் (ஆட்டங்களின் நகர்வுகளைப் பதியும் கோப்பு) நேரம் தீர்ந்து தோற்ற ஆட்டங்களைத் தேடுங்கள். ஒரு சதவீதம் இருந்தாலும் மூவ் ஓவர்ஹெட்டைக் (தாமதத்துக்காக எஞ்சின் ஒதுக்கிவைக்கும் நேரம்) கூட்டி, ஒரே நேரத்தில் ஓடும் ஆட்டங்களைக் குறைத்து, முதலிலிருந்து ஓட்டுங்கள்.