அப்பாவின் பாத எரிச்சலுக்கு பிரிகாபலினா, டுலோக்ஸெடினா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டு. 12 வருஷமாக சுகர், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். ராத்திரியில் இரண்டு பாதமும் எரிகிறது, ஊசி குத்துகிறது. மார்த்தாண்டத்தில் பிரிகாபலின் 75 எழுதிக் கொடுத்தார்கள். தலை சுற்றுகிறது என்று மூன்றே நாளில் நிறுத்திவிட்டார். இப்போது திருவனந்தபுரத்தில் டுலோக்ஸெடின் எழுதியிருக்கிறார்கள். எது நல்ல மருந்து? இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா?

பதில்:

பலத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 2022-ல் லான்செட் இதழில் வந்த ஆப்ஷன்-டிஎம் ஆய்வில் அமிட்ரிப்டிலின், டுலோக்ஸெடின், பிரிகாபலின் என்ற மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எதில் தொடங்கினாலும் வலி குறைந்த அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே அப்பாவுக்கு வேறு என்ன நோய் இருக்கிறது, என்னென்ன மாத்திரை ஓடுகிறது, எத்தனை மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறார் என்பதை வைத்துத்தான் மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த மாத்திரைகள் சுகரால் கெட்ட நரம்பைச் சரிசெய்வதில்லை, வலியை மட்டும் அடக்கும். எரிச்சலும் குத்தலும் பாதியாகக் குறைந்தாலே மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். மரத்துப்போன இடத்துக்கு இவற்றால் உணர்ச்சி திரும்பாது.

பிரிகாபலின் விஷயத்தில் அப்பாவுக்கு இடித்தது பெரும்பாலும் நேரம்தான். ராத்திரி பத்து மணிக்கு மாத்திரை போட்டுவிட்டு, விடியுமுன் நெற்றி விளக்கோடும் கத்தியோடும் தோட்டத்துக்குப் போனால் தலை சுற்றத்தான் செய்யும். உடம்பில் மருந்தின் அளவு பாதியாகவே சுமார் ஆறு மணி நேரம் ஆகும். வயிறு நிறையச் சாப்பிட்டபின் போட்டால் அது ரத்தத்தில் உச்சத்துக்கு வரவே மூன்று மணி நேரம் பிடிக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கே போட்டால் வித்தியாசம் தெரியும். அதுவும் தாங்கவில்லை என்றால் 75-க்குப் பதில் 25 அல்லது 50 மி.கி.யில் தொடங்கி ஏற்றச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாம். மயக்கம் பலருக்கும் ஓரிரு வாரத்தில் தணிந்துவிடும். அதுவரை பைக்கும் ஏணியும் வேண்டாம்.

இன்னொன்று, 75 மி.கி. ஒரு வேளை என்பது ஆரம்ப அளவுதான். வழக்கமாக வலி அடங்குவது ஒரு நாளைக்கு 150 முதல் 300 மி.கி. வரை, இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்கும்போது. ஆனால் ஏற்றுவதற்கு முன் சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் பார்த்தே ஆகவேண்டும். இந்த மருந்து ஏறக்குறைய முழுவதும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. அதிலிருந்து கணக்கிடும் ஈ.ஜி.எஃப்.ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 60-க்குக் கீழே போனால் அளவைப் பாதியாக்க வேண்டியிருக்கும்; இல்லாவிட்டால் மருந்து உடம்பில் தேங்கி, பேச்சு குழறும், நடை தள்ளாடும்.

கணுக்காலில் வீக்கம் வந்தால் மற்ற மாத்திரைகளையும் எடுத்துப் பாருங்கள். சுகருக்குப் பயோகிளிட்டசோன், பிரஷருக்கு அம்லோடிபின் இரண்டுமே காலில் நீர் கோக்க வைப்பவை. பிரிகாபலினும் சேர்ந்தால் வீக்கம் கூடும். எடையும் ஏறலாம். மூன்று நாளில் நிறுத்தியதால் பாதகமில்லை. மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் மட்டும் சட்டென்று விடக்கூடாது, ஒரு வாரமாவது எடுத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

டுலோக்ஸெடினை முதல் வாரம் சாப்பாட்டுக்குப் பின் 30 மி.கி., அப்புறம் 60 மி.கி. என்று ஏற்றுவார்கள். அதற்கு மேல் ஏற்றினால் வலி கூடுதலாகக் குறைவதில்லை, தொந்தரவுதான் கூடும். முதல் வாரம் குமட்டும், பசி குறையும். வெறும் வயிற்றில் போட்டால் இன்னும் மோசம். காப்ஸ்யூலைப் பிரித்துக் கலக்கிக் கொடுக்கக் கூடாது, உள்ளே இருக்கும் மணிகள் வயிற்று அமிலத்தில் கெட்டுவிடும். தூக்கம் வந்தால் இரவிலும், தூக்கம் கெட்டால் காலையிலும் போடலாம். இதையும் சட்டென்று நிறுத்தக் கூடாது.

அப்பா தினமும் குடிப்பவராக இருந்தால், கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். குடியும் டுலோக்ஸெடினும் சேர்ந்தால் கல்லீரல் கெடும். ஈ.ஜி.எஃப்.ஆர் 30-க்குக் கீழே இருந்தாலோ, குறுகிய கோணக் கண் அழுத்த நோய் கட்டுப்பாட்டில் இல்லாமல் இருந்தாலோ இது வேண்டாம். டிரமடால் சேர்ந்த வலி மாத்திரையோடும் கூடாது.

இரண்டையும் சேர்க்கலாமா என்றால், ஒன்றைச் சரியான அளவில் நான்கு முதல் ஆறு வாரம் கொடுத்தும் போதவில்லை என்றால் டாக்டரே மற்றதைச் சேர்ப்பார். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நடக்கும் கோளாறு வேறு. மார்த்தாண்டத்துச் சீட்டு ஒன்று, எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரத்துச் சீட்டு ஒன்று. ஒரு டாக்டர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. பிரிகாபலின் என்று வாங்கும் மாத்திரையிலேயே மெத்தில்கோபாலமினும் (பி12 வைட்டமின்) அமிட்ரிப்டிலின் வகையைச் சேர்ந்த நார்ட்ரிப்டிலின் 10 மி.கி.யும் கலந்திருக்கலாம். டுலோக்ஸெடின் நார்ட்ரிப்டிலினின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். அப்போது வாய் வறட்சி, மலச்சிக்கல், நெஞ்சுப் படபடப்பு எல்லாம் சேர்ந்து வரும். அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்கள் அத்தனையையும் ஒரு தாளில் எழுதி, இரண்டு டாக்டரிடமும் காட்டுங்கள். பிராண்டு பெயர் மட்டும் இருக்கும் பக்கம் உதவாது.

அமிட்ரிப்டிலின் விலை மலிவு. இரவில் 10 மி.கி.யில் தொடங்குவார்கள். புரோஸ்டேட் தொந்தரவு, இதயத் துடிப்புக் கோளாறு, கண் அழுத்தம் இருப்பவர்களுக்கு ஆகாது.

மெத்தில்கோபாலமின் வலி மாத்திரை அல்ல. ஆனால் மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிட்டால் பி12 குறையும், அதனாலேயே பாதம் எரியவும் மரக்கவும் செய்யும். அப்பாவுக்கு 12 வருஷம் ஆகிவிட்டதால் பி12 பார்த்தே தீரவேண்டும். மாத்திரையோ ஊசியோ தொடங்கும் முன் ரத்தம் கொடுங்கள், தொடங்கியபின் அளவு கூடத்தான் காட்டும்.

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்ற சாதாரண வலி மாத்திரைகளை வாங்கிப் போடுவது வீண். இந்த எரிச்சலுக்கு அவை கேட்காது, சிறுநீரகத்தைத்தான் கெடுக்கும்.

கேப்சைசின் 0.075 சதவீதக் களிம்பை ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவை பூசினால் சிலருக்குப் பலன் உண்டு. மிளகாயின் காரம்தான் அது. முதல் சில நாள் எரிச்சல் கூடும், விட்டுவிடாமல் பூச வேண்டும். வெடிப்பு, புண் மேல் பூசக்கூடாது. பூசிய கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் அன்றைய வேலை போச்சு.

எண்ணெய் தடவி உழிவதில் தப்பில்லை, சூடுதான் ஆபத்து. மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது. கிழி ஒத்தடம், வெந்நீர் முக்கல் இரண்டிலும் தோல் வெந்து புண்ணாகி வருபவர்கள் உண்டு. செய்தே ஆகவேண்டும் என்றால் வேறொருவர் முழங்கையால் சூடு பார்க்கட்டும்.

சுகரை அவசரமாகக் குறைத்தாலும் வலி கூடும். மூன்று மாதத்தில் ஹெச்.பி.ஏ1சி (மூன்று மாதச் சுகர் சராசரி) இரண்டு புள்ளிக்கு மேல் இறங்கினால் சிலருக்குப் புதிதாக எரிச்சல் தொடங்கும். ஊசியோ மாத்திரையோ மாற்றியபின் வலி வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். அப்படியானால் டாக்டரிடம் சொல்லுங்கள், சுகர் மருந்தை நீங்களாக விடவேண்டாம்.

ஒரு காலில் மட்டும் பலவீனம், தொடையில் திடீர் வலி, அல்லது பாதம் சிவந்து சூடாக வீங்கியும் வலியே இல்லாத நிலை இவற்றில் எது இருந்தாலும் மாத்திரை மாற்றும் பேச்சை விட்டுவிட்டு, அன்றே ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வீங்கிய காலை ஊன்றி நடக்க விடாதீர்கள்.