கிறிஸ்துமஸ் மனநிலைக்கு வர, மனசுக்கு இதமாக ஒரு நாவல் சொல்லுங்களேன்?

சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்'.

"அதுதான் தெரியுமே! கஞ்சக் கிழவன், ஆவிகள் வரும், கடைசியில் திருந்திவிடுவான்" என்கிறீர்களா? நானும் அந்த நினைப்பில்தான் பல வருஷம் அதைத் தொடாமல் இருந்தேன். கார்ட்டூனில் பார்த்தாயிற்று, அப்புறம் புத்தகம் எதற்கு? ஒரு டிசம்பரில் காய்ச்சலோடு படுத்திருந்தபோதுதான் முழுசாகப் படித்தேன். கதையில் புதுசாக எதுவும் இல்லை. ஆனால் அதற்குள் இப்படி ஒரு சமையலறை இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவே இல்லை.

கஞ்சன் ஸ்க்ரூஜிடம் குமாஸ்தா வேலை பார்ப்பவர் பாப் கிராட்சிட். வாரச் சம்பளம் 15 ஷில்லிங், வீட்டில் ஆறு பிள்ளைகள். மூன்றாம் அத்தியாயத்தில் இவர்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்து வருகிறது. மனைவி போட்டிருப்பது இரண்டு முறை பிரித்துத் திருப்பித் தைத்த பழைய கவுன். அதன் மேல் பகட்டாக ரிப்பன், ஆறு பென்ஸ் (அரை ஷில்லிங்) சமாச்சாரம். வாத்தை வேக வைக்க வீட்டில் அடுப்பு போதாது, பேக்கரியில் கொடுத்து வாங்கி வருகிறார்கள். புட்டிங்கோ துணி வெளுக்கிற கொப்பரையில் வேகிறது. அதை எடுக்கப் போகும்போது அந்த அம்மாவுக்கு ஒரே பதற்றம். சரியாக வேகாமல் போயிருந்தால்? எடுக்கும்போது உடைந்துவிட்டால்? எவனாவது கொல்லைச் சுவர் ஏறிக் குதித்துத் திருடிப் போயிருந்தால்? கொப்பரையைத் திறந்ததும் சலவை நாள் வாசனை வருகிறது என்று டிக்கன்ஸ் எழுதுகிறார். அத்தனை பேருக்கு அந்தப் புட்டிங் ரொம்பச் சின்னது. அங்கே ஒருத்தரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது இந்த இடத்தில்தான். ஆவிகள் வரும் பகுதியெல்லாம் அப்புறம்தான்.

இந்த வறுமையை டிக்கன்ஸ் வெளியே நின்று பார்த்து எழுதவில்லை. 1824இல் அப்பா கடனுக்காக மார்ஷல்சீ சிறைக்குப் போனார். பன்னிரண்டு வயசுப் பையன் ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் டப்பாக்களுக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தான்.

புத்தகம் வந்தது 1843 டிசம்பர் 19. முதலில் அச்சடித்த 6,000 பிரதிகளும் கிறிஸ்துமஸுக்குள் தீர்ந்துவிட்டன. ஆனால் தங்க விளிம்பு, வண்ணப் படம் எல்லாம் வேண்டும் என்று செலவை இழுத்துவிட்டுக்கொண்டதில் லாபம் அவர் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. விலை 5 ஷில்லிங். கணக்குப் போட்டுப் பாருங்கள், பாப் கிராட்சிட்டின் வாரச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு! தன்னைப் பற்றிய கதையையே அவரால் வாங்கியிருக்க முடியாது. பத்து வருஷம் கழித்து, 1853 கிறிஸ்துமஸ் சமயத்தில் பர்மிங்காமில் டிக்கன்ஸ் இதை மேடையில் வாசித்தார். அதில் ஒரு நாளைத் தொழிலாளிகளுக்கென்றே ஒதுக்கச் சொன்னார். அன்று டிக்கெட் ஆறு பென்ஸ். அந்த அம்மாவின் ரிப்பன் விலைதான்.

அதனால் முடிந்தால் சத்தமாகப் படியுங்கள், வீட்டில் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. மொத்தம் ஐந்தே அத்தியாயம். 21ஆம் தேதி தொடங்கி ராத்திரிக்கு ஒன்று என்று போனால் 25ஆம் தேதி, இருப்பதிலேயே குட்டியான கடைசி அத்தியாயத்தில் வந்து நிற்பீர்கள். முதல் பக்கங்களில் கதை சட்டென்று நகராது, மனுஷன் வளவளவென்று பேசுவார். பொறுத்துக்கொள்ளுங்கள், குசும்பு முழுக்க அங்கேதான் இருக்கிறது. இங்கிலீஷும் கொஞ்சம் பழசுதான். ஆனால் வாய்விட்டுப் படிக்கும்போது பாதி தானாகப் புரிந்துவிடுகிறது.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒரு எச்சரிக்கை. முதல் ராத்திரியில், ஸ்க்ரூஜின் செத்துப்போன கூட்டாளி மார்லியின் ஆவி தலையைச் சுற்றிக் கட்டியிருக்கும் துணியை அவிழ்த்ததும் தாடை தொப்பென்று நெஞ்சில் விழும். எங்கள் வீட்டு வாண்டு அன்றைக்கு அம்மா பக்கத்தில்தான் படுப்பேன் என்று அடம்பிடித்தது. மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றதும் அதே வாண்டுதான்.

காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, குட்டன்பெர்க் மின்னூல் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.