லாரிப் பட்டையில் பிளேடு போட்டால் மண் ஏன் பறக்கிறது?

கேள்வி: அம்பத்தூரில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பெரியபாளையம் பக்கம் உள்ள எங்கள் கத்தரித் தோட்டத்துக்காக 5 ஹெச்.பி. இன்ஜினில் மண் கிளறும் வண்டி ஒன்றை நானே செய்தேன். லாரிப் பட்டையை (லாரியின் ஸ்பிரிங் பட்டை) வெட்டி, வளைக்காமல் நேராகவே பிளேடு போட்டிருக்கிறேன். மண் பக்கவாட்டில் பறக்கிறது, வண்டி குதிக்கிறது, அரை மணி நேரத்தில் கை மரத்துப்போகிறது. இன்ஜினைப் பெரிதாக்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது, இன்னும் பலமாகக் குதிக்கும், அவ்வளவுதான். உங்களுக்கு வந்த அதே தலைவலி 1912-ல் ஆஸ்திரேலியாவில் கில்காண்ட்ரா பக்கத்துப் பண்ணையில் ஆர்தர் கிளிஃபர்ட் ஹோவர்டுக்கும் வந்தது. அவருடைய முதல் சுழல் கலப்பையும் மண்ணைப் பக்கத்தில்தான் வாரி இறைத்தது. அப்புறம் சுழலும் தண்டின் விட்டத்தைக் குறைத்து, தண்டில் பிளேடு மாட்டும் வட்டத் தகடுகளான பிளேஞ்சுகளைத் தள்ளித் தள்ளி வைத்து, அதில் 'எல்' வடிவ பிளேடு மாட்டிய பிறகுதான் சரியானது. இன்று நம் ஊரில் ஓடும் ரோட்டவேட்டருக்கும் அதுதான் மூலம். நீங்களும் பிளேடை 'எல்' ஆக மடக்குங்கள், ஆனால் பட்டையைச் சூடாக்காமல் பச்சையாக மடக்காதீர்கள். நான் ஒருமுறை சோம்பேறித்தனமாக வைஸில் பிடித்துச் சம்மட்டியால் அடித்து மடக்கினேன், முதல் கல்லிலேயே முனை முறிந்து வரப்பைத் தாண்டி விழுந்தது. நல்ல சிவப்பாகக் காய்ச்சி, மூலையைக் கூராக இல்லாமல் வளைவாக மடக்கி, எண்ணெயில் முக்கித் தோய்ச்சல் கொடுத்து, மறுபடி மிதமாகச் சூடு காட்டி இறக்குங்கள். மடங்கிய பாதத்தின் முதுகு வெட்டாத மண்ணில் உரசாதபடி கொஞ்சம் உள்ளே சாய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் சக்தி உரசலிலேயே போய்விடும்.

குதிப்பதற்கு வேறு காரணம். எல்லா பிளேடும் ஒரே வரிசையில் இருந்தால் ஒரே நேரத்தில் மண்ணில் அறையும். தண்டு முழுக்க திருகுபோல் சுற்றி வருமாறு மாட்டினால் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும், கையும் பிழைக்கும். அடுத்தது கடி அளவு. வண்டி நிமிடத்துக்கு 30 மீட்டர் நகர்ந்து, தண்டு 150 சுற்று சுற்றினால் ஒரு சுற்றுக்கு 20 செ.மீ.; ஒரே தடத்தில் 2 பிளேடு என்றால் ஒவ்வொன்றும் 10 செ.மீ. மண்ணைக் கடிக்கிறது. கட்டி கட்டியாக வரும். 4 பிளேடு போட்டால் 5 செ.மீ., மண் பொலபொலவென்று உதிரும். வண்டியை பிளேடுகளே இழுத்துப் போவதாக இருந்தால் பின்னால் மண்ணில் ஊன்றும் ஆழக் கம்பி கட்டாயம். அது இல்லாவிட்டால் கிளறுவதற்குப் பதில் ஓடத்தான் பார்க்கும். பிளேடுக்கு மேல் தகரமும், கையை விட்டதும் சுழற்சி நிற்கும் கிளட்ச் லீவரும் இல்லாமல் தயவுசெய்து தோட்டத்தில் இறக்காதீர்கள்.

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் வீட்டு முன்னால் சின்னப் புல்தரை. மழை பெய்தால் இரண்டு நாள் தண்ணீர் நிற்கிறது. ஆணி உருளை வாங்கி உருட்டியும் பலனில்லையே?

பதில்: உங்கள் பகுதி களிமண். ஆணி மண்ணை எடுப்பதில்லை, ஒதுக்குகிறது. ஓட்டைச் சுவர் இன்னும் இறுகித்தான் போகும். அரை அங்குல இரும்புக் குழாயின் வாயைத் தீட்டி, உள்ளே போன மண் வெளியேற பக்கத்தில் ஒரு திறப்பு வெட்டி, மேலே மிதிக்க ஒரு குறுக்குக் கம்பி வைத்துப் பற்றவையுங்கள். 3 அங்குலம் இறக்கி, மண்ணை உருளையாக வெளியே எடுத்துவிட்டு, ஓட்டையில் மக்கிய உரம் போடுங்கள். மண்ணை விரலால் உருட்டினால் திரியாக நீள்கிறதா? இன்னும் ஈரம் அதிகம், இரண்டு நாள் பொறுங்கள்.

கேள்வி: செங்குன்றம் அருகே நிலம். எப்போதும் ரோட்டவேட்டர்தான் ஓட்டுகிறோம். கீழே மண் இறுகிவிடுமாமே?

பதில்: ஆமாம், ஒரே ஆழத்தில் திரும்பத் திரும்ப ஓட்டினால் அதற்குக் கீழே தளம் போட்டதுபோல் ஆகிவிடும். நெல் மட்டும்தான் என்றால் விட்டுவிடுங்கள், தண்ணீர் நிற்க அது உதவும். நிலக்கடலை, காய்கறி போடுவதானால் கோடையில் மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, ஆழமாகக் கீறும் உளிக்கலப்பை விடுங்கள். ஈரத்தில் விட்டால் கத்தியால் கீறியதுபோல் ஒரு கோடுதான் விழும், தளம் உடையாது.