செவிக்கு எட்டாத ஒலியும் நீர்க்குமிழியும்: வேலூர் வட்டார வாசகர்களுக்குப் பதில்கள்

கேள்வி (நகைக்கடை ஊழியர், ஆற்காடு): மீயொலியால், அதாவது செவிக்கு எட்டாத ஒலியால், நகை கழுவும் எங்கள் தொட்டியில் 40 கிலோஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறது. கொதிக்காத நீரில் குமிழி எப்படி உண்டாகிறது?

பதில்: தொட்டியின் அடியில் ஒட்டப்பட்ட பீங்கான் தகடுகள் நொடிக்கு 40,000 முறை அதிர்வதால், நீர் ஒரு கணம் அழுத்தப்பட்டு மறுகணம் இழுபடுகிறது. இழுபடும்போது அழுத்தம் நீரின் ஆவியழுத்தத்துக்கும் (அதாவது, அந்த வெப்பநிலையில் நீர் ஆவியாகிக் குமிழியிடத் தொடங்கும் அழுத்தத்துக்கும்) கீழே இறங்கினால், தூசியின் விரிசல்களில் தங்கியிருக்கும் காற்றுத் துணுக்குகள் குமிழிகளாகப் பெரிதாகின்றன. அழுத்தம் திரும்பியதும் சுற்றியுள்ள நீர் உள்நோக்கிப் பாய்ந்து குமிழியை நசுக்குகிறது; வெப்பம் வெளியேற அவகாசமே இல்லாததால், உள்ளே வெப்பநிலை ஏறத்தாழ 5,000 கெல்வினை எட்டுகிறது. இத்தகைய நசுங்கலின் கணக்கை ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு 1917இலேயே எழுதிவிட்டார். குமிழி நகையை ஒட்டி இருந்தால், உலோகப் பக்கத்திலிருந்து நீர் வர வழியில்லை. எதிர்ப்பக்கம் குழிந்து, நொடிக்கு 100 மீட்டரையும் தாண்டும் ஊசி போன்ற நீர்த்தாரை அழுக்கின்மீது பாய்கிறது. முத்தையும் மரகதத்தையும் தயவுசெய்து இத்தொட்டியில் இடாதீர்கள்.

கேள்வி (கர்ப்பிணி, வேலூர்): ஸ்கேன் எடுக்கும்போதும் இப்படி நடக்குமா?

பதில்: அஞ்ச வேண்டாம். ஸ்கேன் கருவி மெகாஹெர்ட்ஸ் அளவில் (நொடிக்குப் பல லட்சம் அதிர்வுகள்), மிகக் குறுகிய துடிப்புகளாக ஒலியை அனுப்புவதால், குமிழி பெரிதாக நேரம் கிடைப்பதில்லை.

கேள்வி (கல்லூரி மாணவி, காட்பாடி): காதுக்குக் கேட்காத ஒலி என்றால், தொட்டி ஏன் இரைகிறது?

பதில்: நல்ல கேள்வி. நீங்கள் கேட்பது தகட்டின் ஒலியை அன்று; எண்ணற்ற குமிழிகள் நசுங்கும்போது எழும், எல்லா அதிர்வெண்களும் கலந்த இரைச்சலை. சமையலறை அலுமினியத் தாள் ஒன்றை அரை நிமிடம் தொட்டிக்குள் தொங்கவிட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: ஊசியால் குத்தியதுபோல் குழிகளும் ஓட்டைகளும் தெரியும். குழாயில் பிடித்த புதுத்தண்ணீரில் கரைந்துள்ள காற்று குமிழிக்குள் புகுந்து மெத்தைபோல் நசுங்கலைத் தணித்துவிடும் என்பதால், முதலில் பத்து நிமிடம் தொட்டியை வெறுமனே ஓட்டுவது நல்லது.

கேள்வி (தோல் தொழிற்சாலை மேற்பார்வையாளர், ராணிப்பேட்டை): சாயம் ஏற்றுவதற்கு இது உதவுமா? நீரைச் சூடாக்கினால் பலன் கூடுமா?

பதில்: உதவும். குமிழிகள் எழுப்பும் நுண்ணிய நீரோட்டம் சாயத்தைத் தோலின் நார்களுக்கிடையே செலுத்துகிறது. சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இதை ஆராய்ந்திருக்கிறது. சூட்டில் மட்டும் கவனம் வேண்டும். கொதிநிலையை நெருங்கினால் குமிழிக்குள் ஆவி நிறைந்து நசுங்கலின் வேகம் குறைந்துவிடும். பதனிடாத தோலோ 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே சுருங்கத் தொடங்கும். மீயொலியும் நீரைத் தானாகவே சூடேற்றுவதால், வெப்பமானியைத் தொட்டியிலேயே வைத்திருங்கள்.