மிஞ்சின ஆணமும் ஐஸ் பெட்டியும்: டீச்சரிடம் கேள்வி பதில்

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள். அதுக்கு முன்னாடி பிரீசரை நிரப்புற அவசரத்துல, மிஞ்சின ஆணத்தை, அதாவது குழம்பை, உறைய வைக்கிறது பத்திக் கேள்விகள் குவிஞ்சிருக்கு. மனையியல் டீச்சர் பதில் சொல்றாங்க.

தங்கச்சிமடம்: டீச்சர், மதியம் வச்ச சீலா மீன் குழம்பு பாதிச் சட்டி மிஞ்சிருச்சு. சூடா உள்ள வச்சா பிரிட்ஜ் கெட்டுரும்னு வீட்டுக்காரர் சொல்றார். ராத்திரி வரைக்கும் வெளியில ஆற விட்டு பிரீசர்ல வைக்கிறோம். சரியா?

ராத்திரி வரைக்கும் விடுறதுதான் தப்பு. 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரைக்கும் கிருமி பெருகுற சூடு. அடுப்பை அணைச்சதிலிருந்து 2 மணி நேரத்துக்குள்ள குழம்பு குளிர்ப்பெட்டிக்குள்ள போயிரணும். வெயில் 32 டிகிரியைத் தாண்டின நாள்ல 1 மணி நேரம்தான் கணக்கு. நம்ம ஊர்ல சித்திரை வைகாசி முழுக்க அப்படித்தான்.

சட்டியோட ஆற விட்டா மேல ஆறியிருக்கும், நடுவுல வெதுவெதுப்பாவே கிடக்கும். மண்சட்டி இன்னும் மோசம், சூட்டை விடவே விடாது. அகலமான எவர்சில்வர் பேசின்ல ரெண்டு விரல் உயரத்துக்கு மட்டும் குழம்பை ஊத்துங்க. அந்தப் பேசினை அண்டாத் தண்ணிக்குள்ள வச்சு மீன் உடையாம ஓரத்துல கரண்டியால தள்ளிவிடுங்க. தண்ணி சூடேறினா மாத்துங்க. ரெண்டு மூணு தடவை மாத்தினா போதும், தொட்டா சூடு தெரியாது. ஐஸ் போடுறதா இருந்தா அண்டாத் தண்ணில மட்டும். கடற்கரை ஐஸ் கம்பெனிக் கட்டி மீனுக்குப் போடுற ஐஸ், அதுல ஒரு சில்லுகூட குழம்புல விழக் கூடாது.

அப்புறம் ஒரு வேளைக்கு ஒரு டப்பான்னு பிரிங்க. துண்டு குழம்புல முங்கியிருக்கணும். வெளிய நீட்டிக்கிட்டு நிக்கிற சதை காஞ்சு வெள்ளைத் திட்டு விழும், மென்னா சக்கை. வீட்டுக்காரர் சொல்றதுலயும் பாதி நியாயம் இருக்கு. கொதிக்கிற சட்டியை அப்படியே உள்ள வச்சா பக்கத்துல உறைஞ்சிருக்கிறதும் இளகிரும்.

எல்லாருக்கும் ஒண்ணு: உறைய வைக்கிறதால கிருமி சாகாது, தூங்கும். வெளிய எடுத்தா முழிச்சுக்கும்.

மண்டபம்: எந்த டப்பா நல்லது? ஐஸ்கிரீம் டப்பா, பார்சல் டப்பா, கண்ணாடி பாட்டில், எவர்சில்வர் சம்படம் எல்லாம் வீட்ல கிடக்கு.

பிளாஸ்டிக்னா அடியைத் திருப்பிப் பாருங்க. முக்கோணத்துக்குள்ள 5 இருந்தா பாலிபுரொப்பிலீன், நல்லது. 2-ம் 4-ம் பரவாயில்ல. தண்ணி பாட்டில்ல இருக்கிற 1, திரும்பத் திரும்ப இந்த வேலைக்கு ஆகாது. 6 வேண்டவே வேண்டாம். ஐஸ்கிரீம் டப்பாவும் பார்சல் டப்பாவும் பல நேரம் 5-தான், ஆனா சுவர் மெல்லிசு, மூடி இறுகாது. நல்லா ஆறின குழம்பை ஒரு தடவை வைக்கலாம். அதோடயே சுட வைக்கக் கூடாது.

கண்ணாடில வாய் அகலமா, சுவர் நேரா இருக்கிறது மட்டும் எடுங்க. தண்ணி உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். ஊறுகாய் பாட்டிலோட கழுத்து குறுகுற இடத்துல குழம்பு மேல ஏற வழியில்லாம முட்டும், அங்கதான் விரிசல் விடும். எந்தப் பாத்திரமானாலும் மேல ஒரு இஞ்ச் இடம் விடுங்க. பிரீசர்லேர்ந்து எடுத்த கண்ணாடியை நேரா வெந்நீர்லயோ அடுப்புலயோ வைக்காதீங்க.

என் ஓட்டு எவர்சில்வர் சம்படத்துக்கு. குளிர் சீக்கிரம் உள்ள இறங்கும், புளியும் மஞ்சளும் ஒட்டாது. மூடி பிடிச்சுக்கிட்டா வெளிப்பக்கம் கொஞ்சம் தண்ணி ஊத்தினா விட்டுரும். மைக்ரோவேவ்ல மட்டும் வைக்க முடியாது. அலுமினியத் தாளும் அலுமினியப் பாத்திரமும் புளிக்குழம்புக்கு ஆகாது, புளி அரிச்சிரும்.

கீழக்கரை: கல்யாணப் பிரியாணி நிறைய மிஞ்சிருச்சு டீச்சர். வைக்கலாமா?

சஹன்ல, அதான் சேர்ந்து சாப்பிடுற பெரிய தட்டுல, கை பட்ட சோறு வேண்டாம் லாத்தா. ஆக்கின தேக்சா அண்டாவுல மிஞ்சினது மட்டும், அதுவும் மூடி வச்சு மணிக்கணக்கா ஆகியிருந்தா விட்டுருங்க. சோத்துல பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமி உண்டு. அதோட வித்து வேகும்போது சாகாது. வெதுவெதுப்புல முளைச்சு நஞ்சை விடும், அதுல ஒரு வகை நஞ்சு திரும்பச் சுட வச்சாலும் போகாது. பரிமாறும்போதே தனியா எடுத்துத் தட்டுல பரப்பி ஆற வச்சு, பையில தட்டையா ரெண்டு மூணு சென்டிமீட்டர் கனத்துக்குப் போட்டுக் காத்தைப் பிதுக்கி மூடுங்க. முட்டையை எடுத்துருங்க, வெள்ளைக்கரு ரப்பராயிரும். எடுக்கும்போது இட்லிப் பானையில ஆவி ஏத்துங்க, நடுவுல இருக்கிற கறித்துண்டும் ஆவி பறக்கணும்.

தொண்டி: ஐஸ்கிரீம் டப்பால குழம்பு வைக்கலாமா?

மண்டபத்துக்குச் சொன்ன பதில்.

தேவிபட்டினம்: தேங்காய்ப்பால் ஊத்தின இறால் ஆணம், உருளைக்கிழங்கு போட்ட கறி?

தேங்காய்ப்பால் திரிஞ்ச மாதிரி பிரியும். கெடலை, மெதுவா சூடேத்திக் கிண்டினா ஓரளவு சேரும். முன்னாடியே தெரிஞ்சா பால் ஊத்துறதுக்கு முன்னாடியே எடுத்து வைங்க. உருளைக்கிழங்கு பஞ்சாயிரும், பொறுக்கிருங்க. முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கிற வட்டலப்பம் தண்ணி விடும், வைக்காதீங்க. இடியாப்பமும் இட்லியும் அருமையா நிக்கும்.

மூக்கையூர்: இதெல்லாம் டவுன்காரங்க பயம் டீச்சர். எங்க ஊர்ல மீன் குழம்பை மண்சட்டியில வெளியதான் வைப்போம். ராத்திரி ஒரு கொதி, காலையில ஒரு கொதி. மறுநாள்தான் ருசியே.

பெரியபட்டினம்: அதானே. புளி இருக்கிற வரைக்கும் எதுவும் கெடாது.

பாம்பன்: எங்க வீட்ல சூரைக் குழம்பை அப்படி வச்சுத்தான் மூணு பேருக்கு முகமெல்லாம் சிவந்து தலைவலி.

பாம்பன் சொன்னதை எல்லாரும் படிங்க. சூரை, கும்ளா, மத்தி, சீலா மாதிரி மீன் வெயில்ல கிடந்தா சதையில ஹிஸ்டமின்னு ஒரு பொருள் சேரும். கொதிக்க வச்சாலும் போகாது, உறைய வச்சாலும் போகாது, வாடையும் காட்டாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல முகம் சிவக்கும், தலை வலிக்கும், சில பேருக்கு நாக்குல மிளகு கடிச்ச மாதிரி இருக்கும். பெரும்பாலும் அது சட்டியில ஆரம்பிக்கிறதில்ல, ஐஸ் போடாம வச்ச கூடையில ஆரம்பிக்கும். வாங்கின மீன் சந்தேகமா இருந்தா பிரீசர் காப்பாத்தாது.

மூக்கையூர் அண்ணே, நீங்க சொல்ற குழம்பு வேற. புளியும் உப்பும் தூக்கலா, தேங்காய் இல்லாம, தண்ணி வத்தி எண்ணெய் மேல நிக்கிற வரைக்கும் சுண்ட வச்சது. அதுல கிருமி வளர இடம் கம்மி, அதனாலதான் தாங்குச்சு. இன்னைக்கு வீட்ல வைக்கிறது தேங்காய் அரைச்சு ஊத்தின தண்ணிக் குழம்பு. அதுக்கு ரெண்டு கொதி போதாது. கொதிக்கும்போது உயிரோட இருக்கிறது சாகும். ஆனா கரண்டி, கை வழியா வந்த சில கிருமி ஏற்கெனவே விட்ட நஞ்சு சாகாது. ருசி மறுநாள் ஏறுறது உண்மை, புளியும் காரமும் துண்டுக்குள்ள இறங்கும். பிரிட்ஜ் தட்டுல வச்சாலும் இறங்கும்.

மூக்கையூர்: பிரிட்ஜ்ல வச்சா சட்டி வாசம் வராது.

வாசத்துக்கு நான் பொறுப்பில்ல அண்ணே.

ஏர்வாடி: கரண்ட் அஞ்சு மணி நேரம் போச்சு. பிரீசர்ல இருந்ததைக் கொட்டணுமா?

கதவைத் திறக்காம இருந்தா நிறைஞ்ச பிரீசர் 48 மணி நேரம், பாதி நிறைஞ்சது 24 மணி நேரம் தாங்கும். ஒத்தைக் கதவு பிரிட்ஜோட சின்ன ஐஸ் பெட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதுல பலதும் தேவையான மைனஸ் 18 டிகிரிக்குப் போறதேயில்ல, அதுல வச்சதை ரெண்டு வாரத்துல தீர்த்துருங்க. ஊருக்குப் போறதா இருந்தா ஒரு டம்ளர் தண்ணியை உறைய வச்சு மேல ஒரு ரூபாக் காசு வைங்க. திரும்பி வரும்போது காசு அடியில கிடந்தா எல்லாம் உருகித் திரும்ப உறைஞ்சிருக்குன்னு அர்த்தம். கொட்டிருங்க.

ராமேஸ்வரம்: உருகினதைத் திரும்ப உறைய வைக்கலாமா? எத்தனை மாசம் வைக்கலாம்?

பிரிட்ஜ் கீழ்த்தட்டுல வச்சு உருகியிருந்தா வைக்கலாம், ருசி குறையும். மேடையில வச்சு உருகினது கூடாது. மைனஸ் 18-ல மீன் குழம்பு, கறி, சாம்பார் எல்லாம் ரெண்டு மூணு மாசம் ருசியா இருக்கும். மத்தி மாதிரி எண்ணெய் மீன் சீக்கிரம் காறும், முதல்ல அதை எடுங்க. உருகுறதுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். கட்டியாவே சட்டியில போட்டு, அரை டம்ளர் தண்ணி ஊத்தி, சின்னத் தீயில மூடி வச்சுக் கொதிக்க விடுங்க. ஓரம் கொதிச்சா பத்தாது, நடுவும் கொதிக்கணும்.

உச்சிப்புளி: ஐஸ்கிரீம் டப்பா மூடி மட்டும் மாத்தினா...

மண்டபம்! மண்டபம்!

மூக்கையூர்: சரி டீச்சர், சுண்ட வச்ச குழம்பை உறைய வைக்கலாமா?

தாராளமா. உப்பும் எண்ணெயும் அதிகம்கிறதால கல்லு மாதிரி இறுகாது, கரண்டி இறங்கும், கெட்டுப்போச்சுன்னு நினைச்சிராதீங்க. சின்னச் சம்படமா எடுத்துக்குங்க, தேதியை எழுதி ஒட்டுங்க. மண்சட்டியோட வைக்காதீங்க அண்ணே, சுவர்ல ஊறின தண்ணி உறைஞ்சு சட்டி விரியும்.