மனநல ஆய்வில் ஒருவருடைய பக்தியை நம்பகமாக அளக்க முடியுமா?

முடியும், ஒரே மதிப்பெண்ணில் அடக்கப் பார்க்காவிட்டால். பெங்களூரில் அல்சூர், மர்பி டவுன் பக்கத் தமிழ்க் குடும்பங்களிடம் மனநல ஆய்வுக் கேள்வித்தாளோடு போய்ப் பேசுவது என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பரவலாகப் புழங்கும் அளவுகோல்களில் ஒன்று அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துடையது. 1997-ல் மனநல மருத்துவர் ஹெரால்ட் கோனிக்கும் அவர் சகாக்களும் வெளியிட்டார்கள். ஐந்தே கேள்விகள். வழிபாட்டுக்கு எத்தனை முறை வெளியே போகிறீர்கள் என்று ஒன்று, தனியாகப் பிரார்த்தனை செய்வது பற்றி ஒன்று, நம்பிக்கை வாழ்க்கையில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று மூன்று. இந்த மூன்று பகுதிகளையும் கூட்டி ஒரே எண்ணாக்காதீர்கள் என்பது கோனிக்கே சொன்ன அறிவுரை.

முதல் கேள்வியிலேயே நம் ஆட்கள் திணறுவார்கள். வருஷா வருஷம் மாலை போட்டு 41 நாள் விரதம் இருந்து சபரிமலைக்குப் போகிறவர், மற்ற நாளில் கோயில் பக்கமே போகாதவராக இருந்தால் எதை டிக் செய்வார்? 'வருடத்துக்கு ஒருமுறை அல்லது அதற்கும் குறைவு'. தாளில் அவர் கிட்டத்தட்ட நாத்திகர். முட்டிவலியால் படியிறங்க முடியாமல் வீட்டிலேயே விளக்கேற்றும் பாட்டிக்கும் மதிப்பெண் குறையும். அப்புறம் 'கோயிலுக்குப் போகிறவர்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள்' என்று முடிவு வந்தால், நடக்க முடிந்தவர்கள்தானே போனார்கள் என்று யாராவது கேட்க வேண்டும்.

நம்பகத்தன்மையைப் பார்க்க அதே கேள்வியைச் சில வாரம் கழித்துத் திரும்பக் கேட்பது வழக்கம். முதல் முறை மார்கழியில் கேட்டு, அடுத்த முறை மாசியில் கேட்டால் பதில் மாறத்தான் செய்யும். அளவுகோல் பிழை என்று அதைத் தள்ளக்கூடாது; விடியற்காலையில் கோயிலுக்குப் போன மனுஷர் நிஜமாகவே நிறுத்தியிருப்பார். அதனால் தேதியோடு தமிழ் மாதத்தையும் குறித்துவைக்கச் சொல்வேன்.

நோயும் பதிலுக்குள் புகுந்துவிடும். மனச்சோர்வில் எதிலுமே நாட்டம் போகும்போது சாமி கும்பிடுவதும் நின்றுபோகும். எண்ணச் சுழற்சி நோயில் (ஓசிடி), ஒரு சொல் தவறினால் சுலோகத்தை மறுபடி முதலிலிருந்து சொல்கிறவருக்குத் தனி வழிபாட்டில் முழு மதிப்பெண் கிடைக்கும். அது நோயின் அளவு. சில ஆன்மிக அளவுகோல்களில் 'மனம் நிம்மதியாக இருக்கிறதா' என்ற மாதிரிக் கேள்வியே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஆன்மிகம் நிம்மதி தருகிறது என்று கண்டுபிடிப்பதில் என்ன பயன்?

கேட்கும் விதமும் முக்கியம். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது 'எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை' என்று எந்த மருமகள் சொல்வாள்? தனியாகப் பேச இடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியை வெறுமையாகவே விடுங்கள்.

என்னைக் கேட்டால், கஷ்டம் வரும்போது ஒருவர் கடவுளை எப்படி நாடுகிறார் என்று பார்க்க, உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் உருவாக்கிய 14 கேள்விகளின் சுருக்க அளவுகோலையும் சேர்க்க வேண்டும். அதில் பாதி, கடவுள் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்று தோன்றுகிறதா என்பதைப் பற்றியது. எத்தனை முறை கோயிலுக்குப் போனார் என்பதைவிட, 'நான் என்ன பாவம் செய்தேனோ' என்று ஒருவர் ராத்திரி தூங்காமல் கிடக்கிறாரா என்பது மனநல மருத்துவருக்கு உடனே தெரிய வேண்டிய விஷயம்.