வாய் திறக்காதவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒரகடம் பக்கம் ஒரு மின்னணுப் பொருள் ஆலையில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். பயிற்சி கொடுக்க வந்த சீன மேலாளர் ஒருவர், ‘எங்கள் பெண்கள் 12 மணி நேரம் வாய் திறக்காமல் வேலை செய்வார்கள், இங்கே எதற்கெடுத்தாலும் உட்கார்ந்துவிடுகிறார்கள்’ என்றார். யோசித்தால் அது சரியென்றே படுகிறது. சீனா வளர்ந்ததற்கு அந்தப் பணிவுதானே காரணம்? அங்கே தொழிற்சங்கம் உண்டா? படிக்கச் சில புத்தகங்கள் சொல்வீர்களா?

க., காஞ்சிபுரம்

அன்புள்ள க.,

வளர்ச்சிக்குக் காரணம் பணிவு என்பதற்கெல்லாம் பதில் எழுத எனக்குப் பொறுமை இல்லை. அந்த ‘வாய் திறக்காமல்’ மட்டும் உறுத்துகிறது. காரணம், உங்கள் கடிதம் வந்தபோது நான் வேறு சில கடிதங்களை நினைத்துக்கொண்டிருந்தேன்.

1993 நவம்பர் 19 அன்று தென்சீனாவின் ஷென்ஜென் நகரத்தில் ஜிலி என்கிற பொம்மை ஆலை தீப்பிடித்தது. ஹாங்காங் முதலாளி, இத்தாலிய நிறுவனத்துக்குப் போகும் பொம்மைகள். 87 பேர் செத்தார்கள், அநேகமாக எல்லோரும் சிச்சுவான், ஹூபெய், ஹெனான் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். சன்னல்களில் கம்பி, வெளியேறும் கதவுகளில் பூட்டு. பொம்மை திருட்டுப் போய்விடக் கூடாதே! இடிபாடுகளுக்குள் அந்தப் பெண்களின் கடிதங்கள் கிடந்தன. டான் ஷென் என்ற சீன சமூகவியலாளர் அவற்றைச் சேகரித்துக் காப்பாற்றினார்.

அவற்றில் பல, வேறு ஆலைகளில் இருந்த அக்கா தங்கைகளுக்கும் ஊர்த் தோழிகளுக்கும் இடையே போய் வந்தவை. உன் ஆலையில் எவ்வளவு தருகிறார்கள், ஒழுங்காகத் தருகிறார்களா, ஓவர்டைம் எவ்வளவு நேரம், இங்கே சம்பளப் பாக்கி நிற்கிறது. அப்புறம் உடம்புக்கு முடியவில்லை, வீட்டு ஞாபகம். இதற்குப் பெயர் வாய் திறக்காமல் இருப்பதா? சூப்பர்வைசர் காதில் விழுகிற மாதிரி பேசவில்லை, அவ்வளவுதான்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது எதிர்வீட்டு அக்கா பஞ்சாலை விடுதிக்கு வேலைக்குப் போனார். அவர் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இன்லேண்ட் லெட்டர் வந்தால் என்னைக் கூப்பிடுவார், படித்துக் காட்டினால் ஒரு கை பொரிகடலை. ‘இங்கு சாப்பாடு நன்றாக இருக்கிறது. வார்டன் அம்மா அன்பாகப் பார்த்துக்கொள்கிறார்.’ எல்லாக் கடிதத்திலும் இந்த இரண்டு வரி உண்டு. அந்த வரிகள் மட்டும் நோட்டில் எழுதின மாதிரி குண்டு குண்டாக, நிறுத்தி எழுதியிருக்கும். மற்றதெல்லாம் கிறுக்கல்: செவலைப் பசு சினையா, தம்பிக்குக் காலில் புண் ஆறிவிட்டதா. கேட்டு முடித்ததும் அந்த அம்மா, ‘வேற ஒண்ணும் எழுதலையா சாமி?’ என்பார். நான் ஒட்டுகிற மடிப்பையும் பிரித்துப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. பொங்கலுக்கு வந்தபோது அக்காவே சொன்னார்: கடிதத்தை ஒட்டாமல்தான் வார்டனிடம் கொடுக்க வேண்டுமாம்.

நீங்கள் அந்த வார்டன் மேசையில் உட்கார்ந்துகொண்டு கடிதம் படிக்கிறீர்கள், க.

கிராமத்துக்காரர்கள் நகரத்துக்குப் போய் நகரத்துக்காரர்கள் ஆகிவிடாதபடி 1958-லேயே சீனாவில் சட்டம் வந்துவிட்டது. ஹூகோ என்கிற அந்தக் குடும்பப் பதிவு ஊரில் இருக்கும், ஆள் மட்டும் ஷென்ஜெனில் இருப்பார். அந்த நாட்களில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், வைத்தியம் எல்லாம் பதிவு இருக்கும் ஊரில்தான். ஆலைகள் பல, முதல் மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டன. தற்காலிகக் குடியிருப்பு அட்டை கையில் இல்லையென்றால் போலீஸ் பிடித்து அடைத்து ஊருக்கு அனுப்பியது. 2003-ல் குவாங்ஜோவில் சுன் ஜிகாங் என்ற 27 வயதுப் பட்டதாரியை அப்படிப் பிடித்துக்கொண்டு போய், காவலில் அடித்தே கொன்றார்கள். நாடே கொந்தளித்த பிறகு, அதே வருஷம் அந்த முறையை எடுத்தார்கள். இத்தனை பூட்டையும் போட்டுவிட்டு, உள்ளே சத்தம் இல்லையே, பணிவான பிள்ளைகள் என்று மெச்சிக்கொள்வது வெட்கமாக இல்லையா? உங்களைத் திட்டவில்லை. சரி, கொஞ்சம் திட்டுகிறேன்.

சத்தமும் இல்லாமல் இல்லை. 1982-ல் புது அரசியல் சட்டம் எழுதியபோது வேலைநிறுத்த உரிமையை எடுத்துவிட்டார்கள், ஆனாலும் வேலையை நிறுத்துகிறார்கள். 2010 மே மாதம் ஃபோஷானில் ஹோண்டாவின் கியர்பெட்டி ஆலை நின்றது. இளவட்டங்கள், பலர் தொழிற்பள்ளிப் பயிற்சி மாணவர்கள். இந்த ஒரு ஆலை நின்றதும் சீனாவிலிருந்த ஹோண்டா கார் ஆலைகளும் நின்றன. சங்கம் உண்டா என்று கேட்டீர்கள் இல்லையா? உண்டு, அரசாங்கத்தினுடையது, அது ஒன்றுதான் சட்டப்படி. அந்தச் சங்கத்தின் ஆட்கள் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு ஆலைக்குள் வந்து, வேலைக்குத் திரும்பு என்று தொழிலாளர்களோடு கைகலந்தார்கள். பிறகு மன்னிப்புக் கடிதம் எழுதினார்கள். மாதச் சம்பளம் 500 யுவான் அளவுக்கு ஏறியது. 2014-ல் டோங்குவானின் காலணி ஆலைகளில் 40,000 பேர் வெளியே வந்தார்கள். ஆலை தங்கள் பெயரில் கட்ட வேண்டிய காப்பீட்டுத் தொகையைக் குறைத்துக் கட்டியதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள், க. உங்கள் சீன மேலாளருக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்காது.

இதற்கு விலையும் கொடுத்தார்கள். தொழிலாளர்களுக்குப் பேச்சுவார்த்தை நடத்தக் கற்றுக்கொடுத்த அமைப்புகளை, இந்த ஊர்களெல்லாம் இருக்கும் குவாங்டோங் மாகாணத்தில், 2015 டிசம்பரில் வளைத்துப் பிடித்தார்கள். அதை எழுத ஆரம்பித்தால் இன்று முடியாது.

ஒரே ஒரு சீனச் சொல்லை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஊரைவிட்டுக் கூலிக்கு வந்த பெண்ணை ‘தாகோங்மெய்’ என்பார்கள். அதில் ‘மெய்’ என்றால் தங்கை.

புத்தகப் பட்டியல் அனுப்புகிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை: இன்று ராத்திரி ஷிப்ட் முடிந்ததும் உங்கள் ஆலைப் பெண்கள் தங்கும் விடுதிக்குப் போங்கள். கதவை எந்தப் பக்கம் பூட்டுகிறார்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.